கம்பவுண்டரின் மார்பில் வந்த கட்டி

மார்புப் புற்று தொற்றிக்கொள்ளும் என்று நான் நம்பினேன். ஊரார் பேச்சைக் கேட்டுச் சும்மா நம்பியதல்ல. தர்மாஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, புட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டு நம்பினேன். அந்த நம்பிக்கையில் எனக்கென்று ஒரு நுட்பமும் வைத்திருந்தேன். சொறிக்காரனைத் தொட்டால் கையில் சொறி வரும். கண்நோய்க்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் வரும். ஆகவே இந்த நோய் நம் உடம்பில் எந்த வழியாகப் புகுந்தாலும், விலாசம் எழுதிய தபால் மாதிரி நேரே மார்புக்குத்தான் போய்ச் சேரும். எனக்கும் மார்பு உண்டல்லவா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, மருந்து கலக்கும் அளவும் கட்டுப்போடும் முறையும் உங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஆட்கள் தேடி வந்து, "அண்ணாச்சி, இந்தப் புற்று எதனால வாறது?" என்று கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பதில் சொல்லி அலுத்ததல்ல, கையில் பதில் இல்லாமல் அலுத்தது. என்னிடம் இருப்பது ஒரு கதைதான். அதில் பாதி என் கோமாளித்தனம். மீதிப் பாதியைச் சொல்வதற்காக அந்தப் பாதியையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் எல்லாரும் சர்க்கார் கச்சேரியில் எழுத்துவேலைக்குப் போனவர்கள். எனக்குக் கையெழுத்து சரியில்லை, மருந்து கலக்க அனுப்பிவிட்டார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு தோட்டி. டாக்டர் மலையாளி. நாங்கள் அவரை ஏமான் என்போம். மூச்சிரைப்புக்காரர். பேசுவதை மிச்சம் பிடித்துப் பிடித்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழகியிருந்தார்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளைமார் வீடு. அந்த வீட்டம்மைக்கு மார்பில் புற்று. அந்நிய ஆண் பார்ப்பதா என்று வருஷக்கணக்காக மூடிவைத்து, இனி வாடையை மறைக்க முடியாது என்ற நிலையில்தான் ஏமானுக்கு ஆள் விட்டார்கள். அவர் போய்ப் பார்த்தார், வெளியே வந்து கைகழுவினார், "இனி கழுவிக் கட்டு, வேதனைக்கு அபின் கொடு," என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். அந்த அம்மையின் தங்கையும் முன்னாலேயே இதே நோயில் போயிருந்தாள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசியது. கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், யட்சி என்றார்கள், கண்ணேறு என்றார்கள்.

வீட்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த காவலைச் செய்தார்கள். அம்மைக்குத் தனிச் சட்டி, தனிப் பாய். இளைய மகள் செல்லத்தைப் பெரியப்பா வீட்டுக்குப் படுக்க அனுப்பினார்கள். ஆண்கள் அந்த அறைக்குள் போகக்கூடாது. உள்ளே போனது இரண்டே பேர். சோறு ஊட்ட மூத்த மகள் நாகம்மை. புண் கழுவ நான். நாகம்மையின் மாப்பிள்ளை வரி வசூலிக்கும் பகுதிக் கச்சேரியில் எழுத்துவேலை. எழுத்துப்பிள்ளை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வீட்டோடு இருந்தவர்தான். நான் உள்ளே போகும்போதும் முன்கட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார், வெளியே வரும்போதும் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் புண்ணைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள். பார்த்த அன்று சோறு இறங்காது, மறுநாள் இறங்கும். அதுவும் ஒரு மாதிரியான வெட்கம்தான்.

நான் பயந்துபோனேன். தினமும் திரும்பி வந்ததும், கிருமி கொல்லும் கார்பாலிக்கைத் தண்ணீரில் கலந்து கைகழுவுவது முறை. நான் மார்பையும் கழுவினேன். நோயாளிக்குக் கலக்கும் அளவில் எனக்குத் திருப்தி வரவில்லை. இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று கூட்டினேன். தோல் வெளுத்தது, சுருங்கியது, உரிந்தது. உரிய உரிய, நோய் புகுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். ஒரு நாள் காலையில் வலது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன்.

"இங்க பாரு. எனக்க மாருல ஒரு கட்டி."

முறம் நிற்கவில்லை. "நிங்க எந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்திய?"

"ஆம்பளைக்கும் வரும்."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தோணுது."

"தோணுனா டாக்டருக்கிட்டப் போய்ச் சொல்லணும். என்கிட்டச் சொன்னா நான் மஞ்சளத்தான் அரைப்பேன்."

டாக்டரிடம் போனேனா? போகவில்லை. வருகிற நோயாளியை எல்லாம், "எலே, இத்தன நாளும் எங்க போய்க் கிடந்தே?" என்று விரட்டுகிறவன் நான். அவருக்கு மூன்றடி தள்ளி நின்று நாள் முழுக்க மருந்து கலக்கிக்கொண்டு, சட்டைக்குள் கட்டியை வைத்துக்கொண்டிருந்தேன். பிலாமரத்தில் எனக்குள்ள பங்கை யார் எடுத்துக்கொள்வது என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவைத்தேன். அந்தப் பிலா காய்த்து எத்தனையோ காலம் ஆகிறது என்று அவள் ஞாபகப்படுத்தினாள். பிள்ளைகளைக் கிட்டே சேர்க்காமல் வராந்தாவில் ஓரமாகச் சாப்பிட்டேன். கடைசியில் சட்டை உரசினாலே உயிர் போகிற மாதிரி வலித்தபோதுதான் ஏமான் முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றினேன்.

அமுக்கினார். கத்தினேன்.

"நோவுண்டோ?"

"உயிர் போவுது ஏமானே."

"கொள்ளாம்," என்றார். நல்லது என்று அர்த்தம். பிறகு மூக்கைச் சுருக்கினார். "எந்தாடோ இது, கார்பாலிக் மணம்?"

சொன்னேன். விலாசம் எழுதிய தபால் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து மூச்சிரைப்பு வந்து, நான்தான் சட்டை இல்லாமல் ஓடிப்போய் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். கட்டி என்பது, வெந்த தோலில் சீழ் பிடித்த ஒரு கொப்புளம். நோய் வராமலிருக்க நான் செய்த காவலே எனக்கு வந்த நோய்.

மூச்சு சரியானபின் கேட்டேன். "தொட்டா வராதா ஏமானே?"

"வராது."

"பின்னே எதனால வரும்?"

"அறிஞ்ஞூடா."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஏனோ அவர் மூச்சை மிச்சம் பிடிக்கவில்லை. அடிபட்டதால் வருகிறது, பால் கட்டியதால் வருகிறது, இறுக்கி ரவிக்கை போட்டதால் வருகிறது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஊகிக்கிறார்கள் என்றார். வயசு ஏற ஏற இது வரும் அபாயம் கூடும். தாய்க்கோ தாயின் சகோதரிக்கோ வந்திருந்தால் மகள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். தண்ணீராலும் யட்சியாலும் அல்ல, ரத்தத்தோடு ஏதோ இறங்குகிறது, என்னவென்று ஆருக்கும் தெரியாது. பிள்ளை பெறாத கன்னியாஸ்திரீகளுக்கு இது கூடுதலாக வருகிறது என்று பழைய வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்களாம். பெற்றவர்களுக்கு வராது என்று அதற்கு அர்த்தமில்லையாம். ஆணுக்கும் வரும், அபூர்வமாக.

"அதுகொண்டு நீ காட்டியது தப்பில்ல. இத்தன நாள் காட்டாததாக்கும் தப்பு," என்றார். "நோவுள்ள கட்டி ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரும். நோவில்லாத கட்டி வீட்டிலேயே இருக்கும். நோவு இருந்தாலும் நம்பிவிடாதே, காட்டு. வராமல் தடுக்க எனக்குத் தெரியாது. சின்னதாக இருக்கும்போது கண்டால் அறுத்து எடுக்கலாம். அதுதான் தெரியும்."

நான் வீட்டுக்குப் போய் நல்ல சேதி சொன்னேன். என் வீட்டுக்காரி அதைக் குளக்கடவில் சொன்னாள். மறுநாள் சந்தைக்குள் கால் வைத்தேன், மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள் கேட்டாள்: "கம்பவுண்டரே, மாசம் எத்தனை?" பக்கத்தில் இருந்தவள், "பேறு இங்கயா, அவருக்க அம்மை வீட்டுலயா?" என்றாள். ஆண்கள் என்னைக் கண்டால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு முனகினார்கள். சிரிக்கவைப்பது என் சுபாவம், அதனால் நானும் கதைக்குக் கைகால் வைத்துப் பெரிசாக்கினேன். பாறசாலைச் சந்தையிலிருந்து காட்டாக்கடைச் சந்தை வரை அந்தக் கட்டி போய்வந்தது.

அந்த அம்மை இறந்தாள். பாயை எரித்தார்கள், சட்டியைக் குழியில் போட்டு மூடினார்கள். கொஞ்ச நாள் கழிந்தது.

ஒரு நாள் மத்தியானம் நாகம்மை கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருமல் மருந்து வாங்கினாள். வாங்கியபின்னும் போகவில்லை. ஏமான் சாப்பிடப் போகும்வரை வராந்தாவிலேயே நின்றாள். குழந்தையைக் கூட வந்த வேலைக்காரிதான் வைத்திருந்தாள். அது அழுதும் இவள் வாங்கவில்லை. பிறகு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கப்பிடாது."

"சிரிக்கியது எனக்குப் பழக்கமாக்கும். நீ கேளு."

"உங்களுக்க அந்தக் கட்டி… தொட்டா உருண்டு போச்சுதா, இல்ல ஒரே இடத்துல நின்னுதா?"

சந்தையில் சொல்லிப் பழகிய பதில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளையாக அதற்குமுன் உண்மை வந்தது. "அது பழுத்த கொப்புளம் அம்மிணி. தொடவே விடாது. அப்பிடி நோவும்."

"நோவுமா," என்றாள். அலமாரியில் இருந்த புட்டிகளைப் பார்த்தாள். "அப்பம் இது வேற."

தம்பிமாரே, அந்த ஜன்னலில் இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கும் வரும். ஆள் தன்னைப் பற்றிக் கேட்கமாட்டாள். அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்பாள், ஆட்டைப் பற்றிக் கேட்பாள், உங்கள் கொப்புளத்தைப் பற்றிக் கேட்பாள். டாக்டரிடம் சொல்ல முடியாததை அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம், மார்பில் கட்டி வந்து ஊரே சிரித்த ஆள் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

மெதுவாகச் சொன்னாள். புளியங்கொட்டை அளவு. நகராது. நோவே இல்லை. அம்மைக்குச் சோறு ஊட்டியதில் ஒட்டிக்கொண்டது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தி, தனியாகப் படுத்து, தன் பாத்திரத்தைத் தானே கழுவித் தனியே கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்ன சீக்கு என்று கேட்டால் தலைவலி என்று சொல்லிவந்தாள்.

"தொட்டா வராது," என்றேன். "வருமானா எனக்குல்லா முதல்ல வரணும்? அந்தப் புண்ணைத் தினமும் தொட்டவன் நான். எனக்கு வந்தது கார்பாலிக்."

"பிள்ளைக்கு?"

"தூக்கினதுனால வராது. வாங்கிக்கோ."

அவள் உடனே வாங்கவில்லை. வேலைக்காரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் போய் வாங்கினாள். குழந்தையை வைத்துக்கொண்டே ஜன்னலுக்குத் திரும்பி வந்து என்னிடம் சத்தியம் கேட்டாள். செல்லத்துக்குக் காட்டாக்கடைப் பக்கம் கல்யாணம் பேசி முடித்திருந்தது, தை மாசம். மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே, "அந்த வீட்டுல ரெண்டு பேரு போயாச்சே," என்று இழுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் என்று தெரிந்தால் அன்றோடு முடிந்தது.

"கல்யாணம் கழியட்டு. நானே டாக்டருக்கிட்டச் சொல்லுவேன். அதுவரை நீங்க வாயத் தொறக்கப்பிடாது. செல்லத்துக்க மேல ஆணையாக்கும்."

கொடுத்தேன். ஜன்னல் வழியாகக் கைநீட்டி ஒருத்தி சத்தியம் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சில நாள் தூங்கவில்லை. தை என்பது பக்கத்தில்தான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்த அம்மையின் புண் கண்ணில் வரும், அதுவும் ஒரு காலத்தில் புளியங்கொட்டையாக இருந்ததுதானே என்று தோன்றும். பொறுக்கமுடியாமல் ஏமானிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். ஆள் யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வராத பெண்ணை நான் எப்படிப் பார்க்க? மாப்பிள்ளையிடம் சொல்."

"சத்தியம் செய்தாச்சு ஏமானே."

"கார்பாலிக்கில் குளிச்சவனல்லே நீ. ஒரு சத்தியம் போனாலும் தாங்கும்."

கச்சேரி விட்டு எழுத்துப்பிள்ளை நடந்து வரும்போது பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு முனகினார். சந்தையில் எல்லாரும் செய்கிற அதே கூத்து.

"ஓய், உம்ம கட்டி இப்பம் எனக்க வீட்டுக்கு வந்தாச்சா?"

என் பயத்தையெல்லாம் என் கொப்புளத்துக்கே செலவழித்துவிட்டேன். உண்மையாகப் பயப்படவேண்டிய நாளில் அதை வாங்க ஆள் இல்லை. நீங்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழி தெரியாமல், அவருடைய மாமியார் கிடந்த அறையில் நான் கண்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். எங்கே தொடங்கியது, எது வரை தின்றது, கட்டுத்துணியை எடுக்கும்போது அந்த அம்மை எதைக் கடித்துக்கொண்டிருப்பாள், கடைசியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனது. வேடிக்கை ஒன்றும் சேர்க்கவில்லை. நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"மாமி அப்பிடியா கெடந்தா?"

"நீரு முன்கட்டுலதானே இருந்தீரு."

"ஆம்பளைங்க உள்ள போவப்பிடாதுன்னு சொன்னாவ," என்றார். பிறகு கேட்டார். "நாகுவுக்க கட்டி எவ்வளவு?"

"புளியங்கொட்டை."

வழி கண்டுபிடித்தது அவர்தான். கல்யாணத்துக்குத் துணியெடுக்க மூத்த அக்காளும் அவள் மாப்பிள்ளையும் போவது அந்த வீட்டு வழக்கம். பாலராமபுரத்தில் நெசவுக்காரர் வீட்டில் எடுக்கவேண்டும். பாலராமபுரம் வரை போகிற வில்வண்டி திருவனந்தபுரம் வரை போனால் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். எனக்கும் ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கத் திருவனந்தபுரம் போகவேண்டியிருந்தது. மூன்று பேருமாகப் புறப்பட்டோம்.

வண்டியில் நான் ஏறியதுமே நாகம்மைக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி மருந்து எடுக்கப் போறியளா, இல்ல என்னை எடுத்துக்கிட்டுப் போறியளா?" என்றாள். நான் மாட்டின் வாலைப் பார்த்தேன். பாலராமபுரம் வரை அவள் என்னோடு பேசவில்லை. புருஷனோடும் பேசவில்லை.

நெசவுக்காரர் வீட்டில் இறங்கியபின் பேச்சு வந்தது. எல்லாம் துணியைப் பற்றிய பேச்சு. ஒன்றை விரிக்கச் சொன்னாள், வெளிச்சத்தில் பிடித்தாள், மடிக்கச் சொன்னாள். இந்தக் கரை செல்லத்தின் நிறத்துக்கு எடுக்காது. இது நனைந்தால் சுருங்கும். இன்னொன்று காட்டுங்க. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் நோயாளி பார்க்கும் நேரம் முடிந்துவிடுமே என்று எனக்கு வேர்த்தது.

"மதி நாகு, போதும், அதையே எடு," என்றார் எழுத்துப்பிள்ளை.

"அவ எத்தனை வருசம் வெச்சு உடுக்க வேண்டியது. வெரட்டாதிய."

எடுத்து முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். லேடி டாக்டர் போகவில்லை, இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். நாங்கள் வெளியே ஒரு பெஞ்சில் இருந்தோம். கதவு திறந்தபோது நர்ஸ் எங்களையும் உள்ளே அழைத்தாள். மார்பை முழுவதும் எடுக்கவேண்டும் என்றார் லேடி டாக்டர். இவ்வளவு சின்னதாக இருக்கும்போது யாரும் வருவதில்லை, வந்தது நல்லது, தங்கினால் இந்த வாரமே செய்யலாம்.

எழுத்துப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "தை மாசம் வீட்டுல ஒரு கல்யாணம். அது கழிஞ்சு கொண்டுவந்தா?"

"இன்றைக்கு இருப்பதைத்தான் நான் சொல்லமுடியும்," என்றார் லேடி டாக்டர். "கல்யாணம் கழிந்து என்ன இருக்கும் என்று சொல்லமுடியாது."

எழுத்துப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அழைத்து வந்ததே நான்தான். ஆனாலும் அந்தக் கதவுக்குள் நின்றபோது, செல்லத்தின் கல்யாணம் நான் வாய் திறந்ததால் போகப்போகிறது என்பது மட்டும்தான் கண்ணில் நின்றது. கல்யாணம் கழியட்டும் என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை.

நாகம்மை மடியில் வைத்திருந்த துணிப்பொதியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இதச் செல்லத்துக்கிட்டக் குடுங்க. நான் எங்கன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. கல்யாணத்துக்கு நான் இல்லைன்னா கோவப்படுவா. கோவப்படட்டு."

"மாப்பிள்ளை வீட்டுல அறிஞ்சா?"

"அறிஞ்சா அறியட்டு. எனக்கும் ஒரு பிள்ளை உண்டு." பிறகு என்னைப் பார்த்து, வண்டியில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பசும்பால்ல தண்ணி எவ்வளவு விடணும்னு இவருக்குச் சொல்லிக்குடுங்க. நான் இருந்திட்டு வாறேன்."

திரும்பி வரும் வழி முழுக்க நான் எழுத்துப்பிள்ளைக்குப் பால் கலக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் நடந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே காட்டாக்கடைக்குச் சேதி போய்விட்டது. கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். செல்லம் வெகுகாலம் என்னைக் கண்டால் வரப்பு மாறிப் போனாள். பிறகு அம்பூரிப் பக்கத்து மலையோரத்தில், இதையெல்லாம் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று ஒரு குடும்பம் வந்தது. அங்கே முடித்தார்கள்.

நாகம்மை பிழைத்தாள். மகன் நெய்யாற்றின்கரை ஹைஸ்கூலில் படிக்கும் காலம்வரை இருந்தாள். அப்புறம் முதுகில் வேதனை என்றாள். அதே நோய்தான், எலும்புக்கு வந்துவிட்டது. அந்த வருஷமே இறந்தாள்.

செல்லம் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை மலையிறங்கித் திருவனந்தபுரம் போய் இப்போதுள்ள லேடி டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறாள். இதுவரை ஒன்றும் இல்லை.